நாட்பட்ட நோய்களில் தனியாளுக்கேற்ற துணைச்சத்து: வைட்டமின் பி12-ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

நாட்பட்ட நோயாளர்க்கு ‘அவரவர்க்கென்றே’ வகுக்கப்பட்டதாகக் கூறி விற்கப்படும் ஊட்டச்சத்து மாத்திரைகள் இன்று மருந்துக்கடை முதல் இணையவழி வணிகம் வரை பரவியுள்ளன. இவற்றுள் எது உண்மையாகவே தனியாளுக்கேற்றது என்பதைப் பிரித்தறிவதற்கான அளவுகோலை இக்கட்டுரை ஆராய்கிறது. வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் கண்டுபிடிப்பு வரலாறும், மெட்ஃபார்மின் உட்கொள்ளும் நீரிழிவு நோயாளரின் நிலையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஹோமோசிஸ்டீன், பீட்டா கரோட்டின், வைட்டமின் டி பற்றிய பெரும் மருத்துவச் சோதனைகள் துணைச்சான்றுகளாக அமைகின்றன. ஒருவரிடம் உள்ள குறை எது, அது எவ்வழியில் நேர்ந்தது, நோய் எந்தப் படிநிலையில் உள்ளது என்பவை தெரிந்த இடத்திலேயே துணைச்சத்து பயன் தருகிறது. அவை தெரியாத இடத்தில் வீணாகவோ தீங்காகவோ முடிகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: துணைச்சத்து, நாட்பட்ட நோய், வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், மெட்ஃபார்மின், மரபணுச் சோதனை.

முன்னுரை

உணவிலிருந்து பெறும் சத்துக்கு மேலதிகமாக மாத்திரை, பொடி, ஊசி ஆகிய வடிவங்களில் கொள்ளப்படும் வைட்டமின், தாதுப்பொருள் முதலியவற்றை இக்கட்டுரை ‘துணைச்சத்து’ என்னும் சொல்லால் குறிக்கிறது. மக்கள் வழக்கில் இவை ‘சத்து மாத்திரை’ எனப்படுகின்றன. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணியே மருத்துவம் செய்தல் வேண்டும் என்னும் கருத்து தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இதனைக் கூறுகிறது. சித்த மருத்துவமும் வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்ற அடிப்படையில் உடல்வாகை வேறுபடுத்துகிறது. ஆயினும் இம்மரபை எடுத்துக்காட்டி இன்றைய மாத்திரை வணிகத்துக்கு நற்சான்று வழங்குதல் பொருந்தாது. ஆளுக்கேற்ப மருந்து வேறுபட வேண்டும் என்பது ஒரு கொள்கை. குறிப்பிட்ட மாத்திரை குறிப்பிட்ட ஆளுக்கு ஏற்றது என்பதோ தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டிய கூற்று.

‘தனியாளுக்கேற்ற’ என்னும் அடைமொழி இன்று மூன்று பொருள்களில் வழங்குகிறது. இரத்த அளவீட்டினால் அறியப்பட்ட குறையை நிரப்புதல் ஒன்று. மரபணு அமைப்பை அடிப்படையாகக் கொள்ளுதல் மற்றொன்று. வயது, பழக்கவழக்கம் பற்றிய வினாநிரலுக்கு அளித்த விடையைக் கொண்டு மாத்திரைகளைத் தொகுத்துத் தருதல் மூன்றாவது. விளம்பரங்களில் இம்மூன்றும் ஒன்றுபோலவே பேசப்படுகின்றன. சான்று வலிமையிலோ இவை பெரிதும் வேறுபடுகின்றன.

ஒரே தோற்றம், வெவ்வேறு குறை

சிவப்பணுக்கள் அளவில் பெருத்து, எண்ணிக்கையில் குறையும் இரத்தசோகை ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உயிர்க்கொல்லியாக இருந்தது. மேலை மருத்துவர்கள் இதனைக் ‘கொடிய இரத்தசோகை’ என்றே அழைத்தனர். 1926இல் அமெரிக்க மருத்துவர்களாகிய மைனாட், மர்ஃபி இருவரும் நாள்தோறும் மிகுதியான ஈரலை உணவாகக் கொடுத்து 45 நோயாளிகளைத் தேற்றியதை வெளியிட்டனர். விப்பிளுடன் இணைந்து 1934இல் இவர்கள் நோபல் பரிசு பெற்றனர். ஈரலில் இருந்த அந்தப் பொருள் 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே வைட்டமின் பி12.

இதே காலப்பகுதியில் இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைப் பெண் தொழிலாளர்களிடம் கருவுற்ற காலத்தில் தோன்றிய இரத்தசோகையை ஆராய்ந்தார். கோடைகாலங்களில் தம் ஆய்வைக் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கு ராபர்ட் மெக்காரிசன் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வகமே பின்னர் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் பணியாற்றிய சென்னை கோஷா மருத்துவமனை, இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனையாக விளங்குகிறது.

அப்பெண்களின் இரத்தம் நுண்ணோக்கியில் கொடிய இரத்தசோகை நோயாளரின் இரத்தத்தைப் போன்றே தோன்றியது. ஆனால் ‘மார்மைட்’ எனப்படும் மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றியது. வில்ஸ் இதனை 1931இல் வெளியிட்டார். பின்னர் அவரும் உடன் ஆய்ந்தோரும் மற்றொரு வேறுபாட்டையும் கண்டனர். கொடிய இரத்தசோகையைப் போக்கும் தூய்மைப்படுத்திய ஈரல் சாறு, உணவுக் குறையால் வந்த இந்த இரத்தசோகையைப் போக்கவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு போக்கியது. எனவே ஈரலில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருத்தல் வேண்டும் என்பது புலனாயிற்று. ‘வில்ஸ் காரணி’ எனப்பட்ட இரண்டாம் பொருளோடு ஒன்றாக அறியப்பட்டது, 1941இல் பசலைக்கீரை இலைகளிலிருந்து பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பெயர் பெற்ற ஃபோலிக் அமிலம். அதனை 1945இல் தொகுப்பு முறையில் உருவாக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஃபோலிக் அமிலம் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும் மருத்துவர்கள் அதனைக் கொடிய இரத்தசோகைக்கும் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் தேறியது. ஆனால் பி12 குறையினால் நேரும் தண்டுவடச் சிதைவு நிற்காமல் வளர்ந்தது. இரத்த எண்ணிக்கை சீரானதைக் கண்டு நோயாளியும் மருத்துவரும் நிறைவடைந்திருக்க, மறுபுறம் நடை தளர்ந்தது. குறையைச் சரியாக இனங்காணாமல் ‘சத்து’ கொடுத்தலின் தீங்குக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு மருத்துவ வரலாற்றில் அரிது. இன்றைய பல்சத்து மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருப்பதால் இது பழங்கதையும் அன்று.

மெட்ஃபார்மினும் கால் எரிச்சலும்

இரண்டாம் வகை நீரிழிவுக்கு உலகெங்கும் முதல்நிலை மருந்தாக வழங்கப்படுவது மெட்ஃபார்மின். உணவிலுள்ள பி12 இரைப்பையில் சுரக்கும் ‘உட்காரணி’ என்னும் புரதத்தோடு பிணைந்து சிறுகுடலின் கடைப்பகுதிக்குச் சென்று, கால்சியத்தின் துணையோடு உறிஞ்சப்படுகிறது. மெட்ஃபார்மின் இந்தக் கால்சியம் சார்ந்த படியில் இடையூறு செய்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஈரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் இருப்பதால் குறை உடனே வெளிப்படுவதில்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து வெளிப்படும்போது அது மருந்தின் விளைவு என ஐயுறுவாரும் குறைவு.

ஐயுறாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பி12 குறையின் அறிகுறிகளாகிய பாத எரிச்சல், மரத்துப்போதல், நடைத் தள்ளாட்டம் ஆகியவை நீரிழிவினாலேயே வரும் நரம்புப் பாதிப்பையும் ஒத்தவை. பம்பாய்ப் பெண்களின் இரத்தத்தில் கண்ட அதே சிக்கல் இங்கு நரம்பில் காணப்படுகிறது: தோற்றம் ஒன்று, காரணம் வேறு. சர்க்கரை கட்டுப்பாட்டை இறுக்கியும் எரிச்சல் தணியாத ஒருவரிடம் பி12 குறை இருப்பின், அதனை நிரப்புவது பாதிப்பு முற்றுவதைத் தடுக்கும். காலம் தாழ்ந்தால் இழந்த உணர்ச்சி முழுமையாக மீள்வதில்லை.

அங்ஙனமாயின் மெட்ஃபார்மின் கொள்வோர் அனைவர்க்கும் பி12 கொடுத்துவிடலாமே என வினவலாம். அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் தொடராய்வு 2016இல் வெளியிட்ட முடிவு இங்கு நோக்கத்தக்கது. ஐந்தாம் ஆண்டில் மெட்ஃபார்மின் கொண்டோருள் 4.3 விழுக்காட்டினரிடமும் வெற்று மாத்திரை கொண்டோருள் 2.3 விழுக்காட்டினரிடமும் பி12 குறைந்திருந்தது. இடர் ஏறத்தாழ இருமடங்கு. எனினும் பெரும்பான்மையோர் குறையின்றியே இருந்தனர். ஆகவே அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அனைவர்க்கும் மாத்திரை என்று கூறாமல், குறிப்பாக இரத்தசோகையோ நரம்புப் பாதிப்போ உள்ளவர்களிடம், காலமுறைப்படி பி12 அளவிடுதலைப் பரிந்துரைக்கிறது. 2022இல் பிரித்தானிய மருந்து ஒழுங்காற்று அமைப்பும் இக்குறையை மெட்ஃபார்மினின் பொதுவான பக்கவிளைவாக அறிவித்து, அறிகுறி உள்ளோரிடம் அளவிடுமாறு கூறியது. மேற்கண்ட எண்களை அப்படியே தமிழகத்துக்குப் பொருத்த இயலாது. பி12 விலங்குவழி உணவிலேயே கிட்டுவதால், பாலும் தயிரும் குறைவாகக் கொள்ளும் மரக்கறி உணவினரின் தொடக்க இருப்பே தாழ்ந்திருக்கும். சுருள்பாசியில் பி12 மிகுதி என்னும் விளம்பரமும் பொருளற்றது. அதில் இருப்பது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

குறை நேர்ந்த வழி கொடுக்கும் அளவையும் முடிவு செய்கிறது. வளர்ந்தோர்க்கான நாள் தேவை 2.4 மைக்ரோகிராம் என அமெரிக்க அளவீடு கூறுகிறது. உணவில் மட்டுமே குறையுள்ளவர்க்குச் சிறிய அளவே போதும். உட்காரணியே சுரக்காதவர்க்கோ வாய்வழிக் கொடுத்ததில் ஏறத்தாழ 1 விழுக்காடே தானாக ஊடுருவிச் சேரும். அவர்க்கு 1000 மைக்ரோகிராம் கொடுத்தால் 10 மைக்ரோகிராம் சேரும். இல்லையெனில் ஊசி வேண்டும். ஒரே இரத்த அளவைக் காட்டும் இருவர்க்கு இருவேறு மருத்துவம் நேரலாம் என்பது இங்குத் தெளிவு. வினாநிரல் விடை இவ்வேறுபாட்டை எட்டாது.

நடைமுறையில் நிகழ்வது வேறு. கால் எரிச்சல் என்றவுடன் ‘நரம்பு மாத்திரை’ எனப் பல பி வைட்டமின்கள் கலந்த மாத்திரை அளவிடாமலே வழங்கப்படுவது நம் நாட்டில் எங்கும் காணக்கூடியது. அதில் அடங்கும் பி6 நெடுநாள் மிகுதியாகச் சேர்ந்தால் அதுவே உணர்வு நரம்புகளைப் பாதிக்கும். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை உட்கொண்ட 7 பேரிடம் இப்பாதிப்பைக் கண்ட ஆய்வு 1983இல் வெளியானது. அதனினும் குறைந்த அளவுகளிலும் பாதிப்பு நேர்ந்தமை பின்னர்ப் பதிவாயிற்று. எரிச்சலுக்கு உண்ட மாத்திரையே எரிச்சலுக்குக் காரணமாகும் இந்நிலையில், மாத்திரையை மேலும் கூட்டுவது இயல்பாக நடக்கும் பிழை.

அளவீட்டிலுள்ள சிக்கல்

அளந்து கொடுத்தல் என்பது கேட்பதற்கு எளிது. இரத்தத்திலுள்ள மொத்த பி12 அளவு திசுக்களின் உண்மை நிலையை எப்பொழுதும் காட்டுவதில்லை. எல்லைக்கோட்டு அளவுகளில் மெத்தில்மலோனிக் அமிலத்தை அளந்து உறுதி செய்வர். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தாலும் அவ்வமிலம் உயரும். நீண்டகால நீரிழிவு நோயாளரிடம் சிறுநீரகத் தளர்ச்சி அரிதன்று. எனவே எந்த நோயாளரிடம் இச்சோதனை மிகவும் தேவையோ அவரிடமே அது ஐயத்துக்கிடமாகிறது. மற்றொரு துணைச்சத்தும் சோதனையைக் குலைக்கக்கூடும். முடி வளர்ச்சிக்கென உண்ணப்படும் மிகையளவு பயோட்டின், மாரடைப்பை அறியும் ட்ரோபோனின் சோதனையில் பொய்யாகக் குறைந்த முடிவைத் தரக்கூடும் என 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது.

வைட்டமின் டி இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 25,871 பேரைக் கொண்ட ‘வைட்டல்’ சோதனையில் நாள்தோறும் 2000 அலகு வைட்டமின் டி புற்றுநோயையோ இதய நோயையோ குறைக்கவில்லை என 2018இல் அறிவிக்கப்பட்டது. நீரிழிவின் முன்நிலையிலிருந்த 2,423 பேரிடம் நாள்தோறும் 4000 அலகு கொடுத்த சோதனையிலும், 2019இல் வெளியான முடிவின்படி, நீரிழிவு உறுதியாகக் குறையவில்லை. இவற்றில் பங்குகொண்டோருள் பெரும்பாலோர் முன்னரே போதிய அளவு உடையவர்கள். நிறைகுடத்தில் நீரூற்றிப் பயனில்லை என்று முடிவு செய்யலாமேயன்றி, வெறுங்குடத்துக்கும் நீர் வேண்டா என இவற்றைக் கொண்டு கூற இயலாது. ஆயினும் எந்த அளவுக்குக் கீழே ‘வெறுங்குடம்’ என்பதில் வல்லுநரிடையே கருத்தொற்றுமை இல்லை.

எண் குறைந்தும் நோய் குறையாமை

இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் உயர்ந்தவர்க்கு இதய நோய் மிகுதி என்பதும், ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் அதனைக் குறைக்கும் என்பதும் அறியப்பட்டவை. இரண்டையும் இணைத்து, இம்மூன்றும் மாரடைப்பைத் தடுக்கும் என எதிர்பார்த்தது ஏரணத்துக்கு ஒத்ததே. 2006இல் வெளியான ‘ஹோப்-2’ சோதனை 5,522 நோயாளரிடம் சராசரியாக ஐந்தாண்டுகள் இதனைச் சோதித்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது. இதய நோய் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் மொத்தம் குறையவில்லை. நீரிழிவினால் சிறுநீரகம் தளர்ந்த 238 பேரிடம் இதே மூன்றையும் மிகையளவில் கொடுத்த மற்றொரு சோதனை 2010இல் வெளியானது. அதில் வைட்டமின் கொண்டோரிடமே சிறுநீரகச் செயற்பாடு விரைந்து குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலியனவும் கூடின. நீரில் கரையும் வைட்டமின் மிகுந்தால் சிறுநீரில் போய்விடும் என்னும் பொது நம்பிக்கைக்கு, சிறுநீரகமே தளர்ந்தவரிடம் அடிப்படை இல்லை.

ஒருவர்க்கு நன்மை, மற்றவர்க்குத் தீமை

முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோய்க்கான ‘ஏரெட்ஸ்’ கலவை, ஆளறிந்து கொடுத்தலுக்கு நல்ல சான்று. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் ஆகியவை சேர்ந்த இக்கலவை இடைநிலை நோயுடையோரிடம் முற்றிய நிலைக்குச் செல்லும் இடரை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்தது என 2001இல் அறியப்பட்டது. நோயின் தொடக்க நிலையினரிடம் பயன் தென்படவில்லை. அதற்கு முன்பே, 1994இல், பின்லாந்தின் 29,133 புகைபிடிக்கும் ஆடவரிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது தெரியவந்திருந்தது. 1996இல் அமெரிக்கச் சோதனையொன்று இதே காரணத்தால் 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. எனவே கண்நோய்க் கலவையில் பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக லூட்டீன், சியாக்சாந்தின் இரண்டும் ஏற்றவை என 2013இல் வெளியான இரண்டாம் சோதனை காட்டியது. இங்கு ஆளைத் தேர்ந்தவை நோயின் படிநிலையும் புகைப்பழக்கமுமே.

இரும்புச்சத்தும் அவ்வாறே. தலசீமியா மரபுக்கூறைச் சுமப்போரின் சிவப்பணுக்களும் இரும்புக்குறை உடையோரின் சிவப்பணுக்களைப் போலவே சிறுத்திருக்கும். ஃபெரிட்டின் அளவைப் பாராமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தால் அவர்களுக்குப் பயனில்லை. தேவையற்ற இரும்பு உடலில் சேரும் வாய்ப்பும் உண்டு.

மரபணுவின் பெயரால்

மரபணு அமைப்பு துணைச்சத்தை முடிவு செய்யும் நிலைகள் உண்டு. பயோட்டினிடேஸ் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் பயோட்டின் கொடுத்தால் வலிப்பும் செவிக்குறையும் தடுக்கப்படுகின்றன. இவை அரிய பிறவி நோய்கள். வணிகம் முன்வைப்பதோ பலரிடமும் காணப்படும் சிறு மரபணு வேறுபாடுகளை. இவற்றுள் மிகுதியாகப் பேசப்படும் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு வேறுபாடு உடையோரிடமும் சாதாரண ஃபோலிக் அமிலம் பயன் தருகிறது என அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தெளிவுபடுத்தியுள்ளது. விலையுயர்ந்த தனிவடிவம் கட்டாயமன்று.

2006இல் அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் நான்கு இணையத்தளங்களைச் சோதித்தது. 14 கற்பனை வாடிக்கையாளர்களின் பெயரில் மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் 12 ஒரே பெண்குழந்தையிடமும் 2 ஓர் ஆடவரிடமும் எடுக்கப்பட்டவை. ஒரே மரபணுவுக்கு, எழுதிக்கொடுத்த வாழ்க்கைமுறைக்கேற்ப வெவ்வேறு அறிவுரைகள் வந்தன. வெவ்வேறு ஆள்களுக்கோ ‘தனித்துவமானது’ என்ற பெயரில் ஒரே துணைச்சத்து பரிந்துரைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டாலர் விலை கூறப்பட்ட அப்பொருளுக்கு ஒப்பான சத்துகள் கடையில் 35 டாலர் அளவுக்குக் கிடைப்பவை.

இந்தியாவில் துணைச்சத்துகள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒழுங்குமுறைகளின்கீழ் உணவாகவே கருதப்படுகின்றன. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்னும் பொருள்படும் வாசகம் உறையில் இடம்பெறல் வேண்டும். நோய் தணியும் என நம்பி வாங்கப்படும் பொருளின் உறையிலேயே அது மருந்தன்று என அச்சிடப்பட்டிருப்பது, சட்டம் ஒருபுறமும் விற்பனைப் பேச்சு மறுபுறமும் செல்வதைக் காட்டுகிறது.

தனியொருவரிடமே சோதித்தல்

பெருந்திரளிடம் நடக்கும் சோதனை சராசரியையே கூறும். குறிப்பிட்ட ஒருவர்க்குப் பயனுண்டா என்பதை அது கூறாது என்னும் மறுப்பு வணிகர் தரப்பில் அடிக்கடி எழுகிறது. மறுப்பு நேரியதே. அதற்கு விடையாக அமைவது, ஒரே நோயாளியிடம் துணைச்சத்தையும் வெற்று மாத்திரையையும் மாறிமாறி, எது எப்பொழுது என அவரும் மருத்துவரும் அறியாவண்ணம் கொடுத்து ஒப்பிடும் தனியாள் சோதனை. ஒற்றைத் தலைவலிக்கு மக்னீசியம், தசைப்பிடிப்புக்கு ஒரு மாத்திரை எனப் பயன் விரைவில் தெரிந்து, நிறுத்தியவுடன் மறையும் நிலைகளுக்கு இது பொருந்தும். ‘எனக்கு இது கேட்கிறது’ என்னும் நோயாளியின் கூற்றைப் புறந்தள்ளாமலும் அப்படியே ஏற்காமலும் ஆராய இதுவே ஏற்ற வழி. பி12-இல் இம்முறை செல்லாது. ஈரலில் சேர்ந்த பி12 பல ஆண்டுகள் நிலைப்பதால் வெற்று மாத்திரைக் காலத்திலும் முன்பு கொடுத்ததன் விளைவு தொடரும். குறையுள்ளவரிடம் சத்தை நிறுத்திவைத்துச் சோதிப்பது நரம்பை இழக்கச் செய்யும். அங்கு ஆண்டுதோறும் எடுக்கும் இரத்த அளவீடும், பாதங்களில் மென்னிழை கொண்டு செய்யும் தொடுவுணர்வுச் சோதனையும், மெட்ஃபார்மின் தொடங்கிய ஆண்டைக் குறித்துவைத்த மருத்துவச் சீட்டுமே கைக்கொள்ளத்தக்க கருவிகளாக எஞ்சுகின்றன.